மண்ணுப்பாம்பு கடிக்கவில்லை

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரி, நான் சொன்னதில் பாதியை மட்டும் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். விட்டுப்போன பாதியால் ஆள் சாகும். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "அம்மா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட் எடுக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டிஸ்பென்சரிச் சுவரில் பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்குகிறது. சிவப்புக் கட்டத்தில் விஷப் பாம்புகளின் படம். பச்சைக் கட்டத்தில் விஷமில்லாதவை. பச்சைக் கட்டத்தில் முதல் படமே எங்கள் மண்ணுப்பாம்பு. சிங்களத்தில் மெடில்லா என்பார்கள். படம் சரி. பெயர் சரி. கீழே எழுதியிருப்பதுதான் வினை. பாம்புக்கடி என்று வருபவர் கொண்டுவரும் பாம்பு பச்சைக் கட்டத்தில் இருந்தால், காயத்தைக் கழுவி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வேண்டுமாம். வாகனம் கேட்கக் கூடாதாம்.

போன மாதம் முருகேசு என்பவர் காலில் கடிபட்டு, ஷாப்பிங் பைக்குள் ஒரு செத்த மண்ணுப்பாம்போடு வந்தார். இப்போது டிஸ்பென்சரியில் நான் பார்த்த வேலையைப் பார்க்கிற பவானி, சுவரைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வண்டியைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆள் மூன்று நாள் அங்கே இருந்து வீங்கிய காலோடு திரும்பி வந்தார். இன்று வேலைக்குப் போகிறார். பவானிக்கு என்ன கிடைத்தது? விளக்கம் கேட்டுக் கடிதம். பச்சைக் கட்டத்துப் பாம்புக்கு ஏன் வாகனம் எடுத்தாய், பதில் திருப்தியில்லை என்றால் வேலையிலிருந்து நிறுத்துவோம் என்று.

அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "என்னங்கம்மா எழுதுறது?" என்று கேட்டாள். அவள் எழுத வேண்டியதில்லை. நான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மண்ணுப்பாம்பைப் பற்றி அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பிளேன்டீ குடித்து, ஃபோனில் என் பேச்சைப் பதிந்துகொண்டு போனார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவள். முதல் ஒன்பது வருஷம் நர்சரி. மீதி டிஸ்பென்சரி. நர்சரியில் என் வேலை மண் சலிப்பது. தேயிலைக் கன்று வைக்கிற பொலித்தீன் பைகளுக்குக் கல்லும் வேரும் இல்லாத மண் வேண்டும். புல் வெட்டிய மேட்டிலிருந்து மேல் மண்ணைக் கொண்டுவந்து குவிப்பார்கள். அதைப் பெரிய சல்லடையில் போட்டு ஆட்ட வேண்டும். அந்தக் குவியலுக்குள்தான் மண்ணுப்பாம்பு குடியிருந்தது.

முதல் வாரம் ஒன்றை மம்பட்டியால் வெட்டினேன். எல்லோரும் வெட்டினார்கள், நானும் வெட்டினேன். வயிறு கிழிந்து உள்ளேயிருந்து நீளநீளமாக வெள்ளை முட்டைகள் வெளியே வந்தன. அடுத்த முறை ஒன்று வந்தபோது வெட்டாமல் நின்றேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். "கருநாகக் குட்டிடி அது! பாசமா இருந்தா தூக்கிக் கொஞ்சு பாப்போம்" என்றாள் ஒருத்தி. ரோஷத்தில் கையை நீட்டித் தூக்கிவிட்டேன். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் தூக்கினேன். எத்தனை என்று எண்ணவில்லை. சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாளி வைத்திருப்பேன். அதில் ஈர மண் போட்டு, கிடைத்தவற்றை விட்டு, வேலை முடிந்து போகும்போது ஓடைக் கரையில் கொட்டிவிட்டுப் போவேன்.

எங்கள் உயரத்துக் குளிருக்கு நாகம் ஏறி வருவதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு நாகத்தைக்கூட நான் கண்டதில்லை. தாயே இல்லாத இடத்தில் குட்டி எங்கிருந்து வரும்? இதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. கருப்பாக நெளிந்தால் அவர்களுக்கு அது நாகக் குட்டி.

மண்ணுப்பாம்பு ஒரு சாணுக்கு மேலே இருக்கும். ரொம்பப் பெரியது என்றால் இரண்டு சாண். தடிமன் ஒரு சுண்டுவிரல். முதுகு ஈர மண்ணின் நிறம். சிலது நல்ல கருப்பு, சிலது பழுப்பு. கிட்டே பார்த்தால் முதுகில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும். வெயிலில் திருப்பினால் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி நிறம் மாறும். வயிறு மஞ்சள், அதிலும் கருப்புத் திட்டு. தலை கழுத்தைவிட அகலமில்லை. அதனால் அவசரத்தில் பார்ப்பவருக்குத் தலை எது வால் எது என்று தெரியாது. சிலவற்றுக்கு வால் பக்கம் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஒருமுறை நர்சரிக்கு வந்த கெம்பஸில் படிக்கிற பெடியன் ஒருவன் அவை ஆண் என்று சொன்னான். நான் அதுவரை அதை நோய் என்று நினைத்திருந்தேன்.

சாப்பாடு மண்புழு. புழுவின் ஒரு நுனியைப் பிடித்து, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி, நூலை உள்ளே இழுப்பது மாதிரி இழுக்கும். புழு இறுகிக்கொண்டால் காத்திருக்கும். தளர்ந்தால் மறுபடி இழுக்கும். பகலில் மண்ணுக்குள், கல்லுக்கடியில், எருக்குவியலில் கிடக்கும். பெருமழை பெய்து மண் ஊறிவிட்டால் மேலே வரும். அப்போது தோட்டத்து ரோட்டில் நசுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். காகம் தின்னும், கோழி தின்னும். முட்டையை இளகிய மண்ணில் இடும். ஒன்று இட்ட இடத்திலேயே இன்னொன்றும் வந்து இடும். ஒரே குழியில் இரண்டு மூன்று தாய்களின் முட்டைகளைக் கண்டிருக்கிறேன். சிலது பழசாகி மஞ்சளாக, சிலது புதுசாக வெள்ளையாக.

கையில் எடுத்தால் என்ன செய்யும்? விரலைச் சுற்றும். தலையை விரல் இடுக்கில் நுழைக்கப் பார்க்கும். அதற்கு என் கையும் மண்தான். ரொம்ப அழுத்தினால் ஒரு நாற்றத் தண்ணியை விடும். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட, ஒரே ஒருமுறைகூட, என்னைப் பார்த்து வாயைத் திறந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சல்லடை ஆட்டி ஆட்டி என் வலது தோள் போனது. டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். தரை கழுவுவது, ஊசி அவிப்பது, குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. காயம் கழுவவும் கட்டுப் போடவும் அங்கேதான் பழகினேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் குணரத்தினம் ஐயா. அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து மருந்து உத்தியோகத்தர். ஆனாலும் எல்லோரும் டாக்டரய்யா என்றே கூப்பிட்டோம். மாத்தளைப் பக்கத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்த மாட்டார். பிழை செய்தால் நம்மைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர் பேண்டேஜ கழுத்துப் பட்டி மாதிரிக் கட்டியிருக்காங்க, யாருன்னு தெரியல" என்பார். திட்டினால்கூடத் தாங்கலாம்.

பாம்புக்கடிக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மூன்று கேள்வி, எப்போதும் ஒரே வரிசையில். எங்கே கடித்தது? எப்போது கடித்தது? பாம்பு எங்கே? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். கதவில் அவரே கையால் எழுதி ஒட்டியிருந்தார்: பாம்புக்கடிக்கு வருபவர் பாம்பையும் கொண்டு வரவும். அலுமாரியில் எட்டு போத்தல் வைத்திருந்தார், மருந்துத் தண்ணீரில் ஊறிய எட்டுப் பாம்புகள். கொண்டுவந்த பாம்பைத் தட்டில் போட்டு, போத்தல்களோடு ஒப்பிட்டு, விஷமுள்ளது அல்லது விஷமற்றது என்று புத்தகத்தில் எழுதுவார். விஷமற்றது என்றால் காயம் கழுவி, ஊசி ஒன்று போட்டு, இரண்டு மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் வாங்கில் உட்காரவைத்து அனுப்பிவிடுவார். மெடில்லா நாலாம் போத்தல்.

அந்த நோட்டீசால் மலையில் என்ன நடந்தது தெரியுமா? யாருக்காவது கடித்துவிட்டால், கடிபட்டவரை விட்டுவிட்டுப் பத்துப் பேர் பாம்பைத் தேடுவார்கள். பாம்பில்லாமல் போனால் டாக்டரய்யா முகம் கொடுக்க மாட்டாரே! கடித்தது ஓடியிருக்கும். ஓடாமல் மண்ணுக்குள் சும்மா கிடப்பது மண்ணுப்பாம்பு. மண் கொத்துகிற இரும்பு முள்ளால் கிளறினால் வருவது அதுதான். அதை அடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். நாலாம் போத்தலோடு பொருந்தும். வீட்டுக்குப் போ. பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பெரும்பாலும் கடித்தது பூரானாகவோ, குத்தியது செடி முள்ளாகவோ இருந்தது. அதனால் அந்த முறை சரி என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

சரோஜாவுக்குக் கடித்த நாள் வரைக்கும்.

அவள் என் லயத்துக்காரி, அதே வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளி. அப்போது அவளுடைய மகளுக்கு ஒன்றரை வயது. கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை வீட்டு அடுப்புக்குப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதை நாங்கள் மிலாறு என்போம். காய்ந்த இலைக்கு அடியில் கையை விட்டபோது வலது கை ஆள்காட்டி விரலுக்குக் கீழே சுருக்கென்றது. காலை பதினொரு மணி இருக்கும். அவளை முன்னால் நடக்க விட்டு, பின்னால் முத்தையா கங்காணி ஒரு பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த டின்னை மேசையில் வைத்த தோரணையைப் பார்க்க வேண்டும். புலி அடித்தவர் மாதிரி.

"முள்ளால ஒரே குத்துங்கய்யா. தப்ப விடல."

டாக்டரய்யா மூன்று கேள்வியும் கேட்டார். டின்னைத் தட்டில் கவிழ்த்தார். மண்ணுப்பாம்பு. நடுமுதுகில் முள் குத்திய ஓட்டை. நாலாம் போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். புத்தகத்தைத் திறந்தார். "விஷமில்ல. பயப்படாத, புள்ள" என்றார்.

"அப்போ நான் மலைக்கே போயிர்றேங்கய்யா" என்றாள் சரோஜா. "மிலாறு கட்டாமக் கெடக்கு. எவளாச்சும் தூக்கிட்டுப் போயிருவா."

நான் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பல் குறி. ஒன்று ஆழம், ஒன்று மேலாக. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். துடைக்கத் துடைக்க ரத்தம் கசிந்தது. விரல் ஏற்கெனவே வீங்கி மினுமினுத்தது. அவள் சிரித்துப் பேசினாளே தவிர, கையை நான் தொடும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

தட்டில் கிடப்பது எனக்குத் தெரிந்த பாம்பு. கையில் இருப்பது எனக்குத் தெரியாத கடி.

"ஐயா, இது கடிக்காதுங்க" என்றேன்.

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றார் புத்தகத்தில் எழுதிக்கொண்டே.

"இல்லீங்கய்யா. இது கடிக்காது. அப்போ இவளக் கடிச்சது எது?"

பேனை நின்றது. கங்காணி சிரித்தார். "ஏ பாக்கியம், நர்சரியில இருந்து பாம்புப் பாஷையும் படிச்சிட்டியா? அது ஒங்கிட்ட வந்து நான் கடிக்கல அக்கான்னு சொல்லிச்சா?"

"ஆமா, சொல்லுது. நீங்க ஓட்டை போட்டதுல கேக்கல போல" என்றேன். எனக்கு நாக்கு அப்படித்தான். அதனால் கெட்டதும் உண்டு.

டாக்டரய்யா சுவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "காட்டு" என்றார்.

அவருக்குக் காட்ட என்னிடம் என்ன இருந்தது? ஒன்பது வருஷம் கையில் வைத்திருந்தேன் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. "வாயத் தொறந்து பாருங்கய்யா" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னச் சாமணத்தை எடுத்து, பாம்பின் வாயை மெதுவாகத் திறந்தார். உள்ளே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. ஒரு விரல் நீளத்துக்கு மண்புழு. பாதி தொண்டைக்குள்ளே, பாதி வாயிலே இருந்திருக்கிறது. புழு இன்னும் அசைந்தது.

கங்காணி இதைத் தோண்டி எடுத்தபோது அது மண்ணுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"வாயில சோத்த வச்சிக்கிட்டு யாராச்சும் கடிப்பாங்களா?" என்றேன்.

டாக்டரய்யா புழுவை ஓரமாக வைத்துவிட்டு, பாம்பின் வாயை முழுதாக விரித்துச் சரோஜாவின் கைக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்த வாயின் அகலம் இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிக்குக் காணாது. அவர் சாமணத்தைக் கீழே வைத்தார். விஷமற்றது என்று பாதி எழுதியிருந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்தார். "என் தப்பு" என்றார். குரல் உயரவில்லை. பிறகு, "வண்டி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு உதவும். கையைக் கீறவில்லை, கயிறு கட்டவில்லை, உறிஞ்சவில்லை. மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினார். கண்ணாடி வளையல் வரவில்லை. துணியைச் சுற்றி உடைத்து எடுத்தார். மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, முழங்கை முதல் விரல் நுனி வரைக்கும் கைக்கு அடியில் வைத்துத் தளர்வாகக் கட்டி, கழுத்தோடு தொங்கவிட்டார். வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பேனையால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் மணி எழுதினார். அவளை ஒரு அடிகூட நடக்க விடவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். நாற்காலியின் முன்கால் இரண்டையும் பிடித்தவர் முத்தையா கங்காணி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த கடிதத்தில் பாம்பின் பெயர் எழுதும் இடத்தில் டாக்டரய்யா எழுதியது: தெரியாது.

தோட்டத்து லொறி ஃபெக்டரிக்குப் போயிருந்தது. ரோட்டில் பாரூக் நானாவின் மரக்கறி வேன் வந்தது. ஹட்டன் கடைக்கு லீக்ஸ் ஏற்றிக்கொண்டு போகிறவர். கையைக் காட்டினேன்.

"நானா, பாம்பு கடிச்சிருக்கு."

"ஏத்துங்க தங்கச்சி, என்னத்தக் கேட்டுட்டு நிக்கிறீங்க?" என்று இறங்கி வந்து லீக்ஸ் கட்டுகளை அவரே ரோட்டோரம் இறக்கினார். சரோஜாவைப் படுக்க வைத்தோம். பாதி வழியில் அவள், "நானா, ஒங்க லீக்ஸ் போச்சே" என்றாள். "லீக்ஸ் நாளைக்கும் மொளைக்கும். நீ பேசாமப் படு" என்றார். அதன் பிறகு அவள் பேசவில்லை. வாந்தி எடுத்தாள். வேனுக்குள்ளேயே நான் இரண்டாவது கோடு போட்டேன். முதல் கோட்டுக்கு நாலு விரல் மேலே.

ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். உறைந்திருந்தது. நல்லது என்றார்கள். ஆனால் அனுப்பிவிடவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை இருபது நிமிஷம் ஆகியும் குழாயில் ரத்தம் தண்ணீராக ஓடியது. அவளுக்கு மூத்திரமும் குறைந்துவிட்டது. கோப்பி விரியன் கடிதான் என்று அங்கிருந்த டாக்டர் சிங்களத்தில் எனக்கு விளங்கப்படுத்தினார். அதன் விஷத்துக்கென்று இங்கே தனி மாற்று மருந்து இல்லை, கிட்டே வைத்துக் கவனிக்கத்தான் முடியும், நல்ல வேளை உடனே கொண்டுவந்தீர்கள், வீட்டில் படுக்க வைத்து நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். இந்த விரியன் காய்ந்த இலையின் நிறம். மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். இலைக்குள் சுருண்டு ஓடாமல் கிடக்கும். மறுநாள் அதே மிலாறுக் குவியலுக்கு அடியில் பெண்கள் அதைக் கண்டார்கள்.

சரோஜா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகம் தேறியது. ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. மற்ற விரல்களால் கொழுந்து எடுக்கிறாள். அவளை முந்த எங்கள் மலையில் இப்போதும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

அவள் திரும்பி வந்த மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு டாக்டரய்யா வந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. அவர் அங்கே வந்ததே கிடையாது. கஞ்சிச் சட்டையோடு பனியில் நின்றார். "நான் பாம்ப கொண்டு வரச் சொன்னது தப்பு. இனிமே பாம்பத் தேடாதீங்க. கடிச்ச ஆளத் தூக்கிட்டு வாங்க. எந்தப் பாம்பு கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, வண்டி போகும்" என்றார். திரும்பிப் போய்க் கதவிலிருந்த நோட்டீசைக் கிழித்தார். போத்தல்களை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தார். நான் விலகுகிற வரைக்கும் அந்தப் பேச்சு மாறவில்லை. யாரையும் காத்திருக்க வைக்கவில்லை, யாரும் பாம்புக்கடியில் சாகவும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. பாம்பு கொண்டுவர வேண்டியதில்லை என்றான பிறகு மண்ணைக் கிளறுகிறவர்கள் குறைந்தார்கள். மண்ணுப்பாம்பு பிழைத்தது. சரோஜா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் கேட்டிருந்தாள்: "அக்கா, சும்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தத எனக்காகவா குத்துனாங்க?" லயத்துக்குப் பின்னால் அவளுக்குக் கொஞ்சம் லீக்ஸும் கரட்டும் இருக்கிறது. பக்கத்தில் மாட்டுச் சாணிக் குவியல். அதற்குள் முட்டைகளைக் கண்டால் அந்தப் பக்கத்தை முள்ளால் தொடமாட்டாள். ஒரு தகரத்தை நட்டு வைப்பாள். குஞ்சு பொரிந்து வெளியே வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். சப்பாத்து லேஸ் மாதிரி, தாயைவிடக் கருப்பாக, வந்தவுடனேயே மண்ணுக்குள் போகத் தெரியும். இப்போது அந்த லயத்தில் கருநாகக் குட்டி என்று கத்துகிறவர்கள் இல்லை. சரோஜாவின் மகளுக்கே இப்போது கைக்குழந்தை. அந்தப் பிள்ளை முற்றத்தில் தவழும்போது மண்ணுப்பாம்பு வந்தால் சரோஜா ஈர்க்கு விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளிவிடுகிறாள்.

இவ்வளவையும்தான் அதிகாரியிடம் சொன்னேன். மண்ணுப்பாம்பு கடிக்காது என்பதை எழுதிக்கொண்டார். அதனால்தான் கடிபட்ட ஆளோடு அது வந்தால் இன்னும் கூடப் பயப்பட வேண்டும் என்றேன். அதை விட்டுவிட்டார். கடிக்காத பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கடிபட்ட ஆள் எதிரே நின்றால், கடித்தது வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இது விளங்கப் பெரிய படிப்பு வேண்டாம். முத்தையா கங்காணிக்கு விளங்கியது.

அந்த முத்தையா கங்காணிக்கும் இப்போது வயதாகிவிட்டது. பவானியின் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும், "வெள்ளிக்கெழம பெரட்டுக்கு நானும் வாறேன். டின்ன வச்சது நான்தான்னு எல்லாருக்கும் முன்னால சொல்றேன். எனக்கென்ன வெக்கம்?" என்றார். சரோஜா விரலைக் காட்ட வருகிறாள். முருகேசு காலைக் காட்ட வருகிறார். மூன்றாம் நம்பர் மலைப் பெண்கள் அத்தனை பேரும், அதிகாரி பவானிக்குப் பதில் சொல்லும் வரைக்கும் பெரட்டை விட்டு நகர மாட்டோம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. இருபது வருஷத்துக்கு முன்பு இப்படி ஒரு பேச்சை இந்த மலையில் கேட்டிருக்க முடியாது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

பவானி விளக்கக் கடிதம் எழுத மாட்டாள். அவள் ஒரு உயிரை வண்டியில் ஏற்றினாள், அவ்வளவுதான் விளக்கம். விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள், அதிகாரி ஐயா. காரியாலயத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டாம், கடிதத்திலும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டுக்கு வாருங்கள். எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கையிலோ காலிலோ பல் குறியோடு ஒருவர் வந்து, அவர் பையில் செத்த மண்ணுப்பாம்பு ஒன்று இருந்தால், வண்டி வருமா, வராதா?